இறக்கைக்குள் விசிறி: முதலில் துளையை வரையுங்கள்

செங்குத்தாகக் கிளம்பும் மின் விமானத்துக்கு இறக்கைக்குள்ளேயே விசிறியைப் புதைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் உட்கார்வது பிளேடு வடிவத்தோடுதான். எத்தனை பிளேடு, என்ன கோணம், எந்த மோட்டார் என்று. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தீர வேண்டியது இறக்கையில் விழப்போகும் துளையின் கணக்கு. விமானம் அந்தரத்தில் நிற்கும்போது கிடைக்கும் மொத்த உந்துவிசையில் ஏறக்குறைய பாதியை பிளேடுகள் தருவதே இல்லை. துளையின் மேல்விளிம்பு நன்றாக வளைந்திருந்தால், உள்ளே இறங்கும் காற்று அந்த வளைவில் வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சல் இறக்கையையே மேலே இழுக்கும். துளையின் சுவரே விசிறியைச் சூழ்ந்த குழல். அதன் வெளிவாய்ப் பரப்பும் (காற்று கீழே வெளியேறும் வாயின் பரப்பு) விசிறியின் பரப்பும் சமமாக இருந்தால், ஏட்டுக் கணக்குப்படி இது சரிபாதி. விளிம்பில் காற்றோட்டம் பிரிந்துவிட்டால் போவது இந்தப் பாதிதான்.

எண்களோடு பார்ப்போம். விமானத்தின் எடை 600 கிலோ, விசிறிகள் நான்கு. ஒவ்வொன்றும் தூக்க வேண்டியது சுமார் 1,470 நியூட்டன். விட்டம் 0.9 மீட்டர், பிளேடுகள் பொருந்தும் நடுக்குமிழ் அதில் 30 சதவீதம் என்றால் காற்று போகும் பரப்பு 0.58 சதுர மீட்டர். கடல்மட்டக் காற்றில் வெளியேறும் வேகம் வினாடிக்கு 45 மீட்டரை ஒட்டி வரும். குறைந்தபட்சத் திறன் ஒரு விசிறிக்கு 33 கிலோவாட். குழல் இல்லாத திறந்த விசிறி இதே பரப்பில் இதே எடையைத் தூக்க 47 கிலோவாட் கேட்கும். குழலின் லாபம் இந்த வித்தியாசம்தான். நடைமுறையில் விசிறியின் திறமை 0.7, மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து 0.9 என்று வைத்தால், பேட்டரியிலிருந்து ஒரு விசிறிக்கு 53 கிலோவாட் இழுக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து 210 கிலோவாட்டுக்கு மேல். ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றாலே மூன்றரை கிலோவாட்-மணி காலி. 1,500 மீட்டர் உயரத்தில் 35 டிகிரி வெயிலில் காற்றடர்த்தி கனமீட்டருக்கு 0.96 கிலோவுக்கு இறங்கும், அதே எடைக்கு இன்னும் 13 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். மோட்டாரைக் கடல்மட்டக் கணக்கில் வாங்கிவிட்டு மலைப்பகுதியில் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

இனி இந்த 0.9 மீட்டர் இறக்கையில் அடங்குமா? மேல்விளிம்பு வளைவின் ஆரத்தை விட்டத்தில் 6 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள், அதாவது 54 மில்லிமீட்டர். இரு பக்கமும் சேர்த்தால் துளைக்குத் தேவையான அகலம் 1,008 மில்லிமீட்டர். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 2 மீட்டர், அந்த நீளத்தில் முன் ஸ்பார் (இறக்கையின் சுமையைத் தாங்கும் நீள உத்தரம்) 15 சதவீதத்திலும் பின் ஸ்பார் 65 சதவீதத்திலும் என்றால், நடுவில் கிடைப்பது சரியாக 1,000. எட்டு மில்லிமீட்டர்தானே என்று வளைவைச் சுரண்டத் தோன்றும். சுரண்டாதீர்கள். அந்த இடத்தில் இறக்கையை 2.3 மீட்டராக அகலப்படுத்துங்கள், அல்லது விசிறியைச் சிறிதாக்கித் திறன் உயர்வை ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்பாரை வெட்டி வளைத்துக் கொண்டுபோவது மூன்றாவது வழி; எடையில் அதுதான் மோசமானது. துளை விழுந்த இடத்தில் இறக்கையின் முறுக்கு விறைப்பு எப்படியும் சரியும், ஸ்பாரையும் சேர்த்துக் கெடுக்க வேண்டாம்.

தடிமன் அடுத்த தலைவலி. முன்-பின் அகலத்தில் 15 சதவீதத் தடிமன் என்றால் 2.3 மீட்டர் இறக்கையில் அதிகபட்சம் 345 மில்லிமீட்டர் ஆழம். இதற்குள் மேல்விளிம்பு வளைவு, பிளேடு, ஸ்டேட்டர் (சுழலைத் திருத்தும் அசையாத பிளேடுகள்), கீழே லூவர் (காற்றைத் திருப்பும் சாய்பலகைகள்) எல்லாம் அடங்க வேண்டும். வெளிவாயை விரித்து லாபம் தேடும் ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்; இவ்வளவு குறைந்த நீளத்தில் விரித்தால் காற்று சுவரை விட்டு விலகிவிடும். ஆனால் ஸ்டேட்டரை விடாதீர்கள். பிளேடு நுனி வேகத்தை வினாடிக்கு 160 மீட்டரில் வைத்தால் விசிறி நிமிடத்துக்கு 3,400 சுற்று சுற்றும், முறுக்குவிசை 135 நியூட்டன்-மீட்டர், வெளியேறும் காற்றில் ஏறக்குறைய 15 டிகிரி சுழல் மிஞ்சும். அதை நேராக்காவிட்டால் 6, 7 சதவீத ஆற்றல் வீண். ஸ்டேட்டர்களே மோட்டாரைத் தாங்கும் கைகளாகவும் வேலை செய்யும், மின்கம்பிகளும் அவற்றுக்குள்ளேயே போகலாம். பிளேடு 7 என்றால் ஸ்டேட்டர் 7-ஓ 14-ஓ வைக்காதீர்கள். எல்லா பிளேடுகளும் ஒரே நேரத்தில் ஸ்டேட்டரைக் கடந்து ஊளையிடும். 7-க்கு 11 நல்ல ஜோடி.

பிளேடு நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஆரத்தில் அரை சதவீதம், அதாவது இரண்டே கால் மில்லிமீட்டர், இருந்தால் நல்லது. வரைபடத்தில் இது சுலபம். பறக்கும்போது இறக்கை வளையும், வட்டத் துளை முட்டைவடிவம் ஆகும், பிளேடு நீளவாக்கில் கொஞ்சம் இழுபடும். நேராக இறக்கைத் தோலிலேயே சுவரை ஒட்டினால் முதல் கடினமான தரையிறக்கத்தில் உரசும். அதனால் குழல் தனி வளையமாக இருக்கட்டும். ஸ்பார்களோடு மூன்றே இடங்களில் பிடிப்பு, அதில் ஒன்று நழுவக்கூடியது. பிளேடு நுனிக்கு எதிரே தேயக்கூடிய நுரைப்பட்டை ஒட்டினால், உரசினாலும் பட்டைதான் போகும், பிளேடு பிழைக்கும். சுழலியின் எடையைச் சமன்செய்தலும் முக்கியம்: 4 கிலோ சுழலிக்கு ஜி2.5 தரம் (சமன்செய்தலின் துல்லியத்தைக் குறிக்கும் அளவு) என்றால் மிஞ்சக்கூடிய சமனின்மை 28 கிராம்-மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 0.07 கிராம். பெயின்ட் ஒரு பக்கம் தடித்தாலே தாண்டிவிடும்.

மேலே எழுவது வரை எல்லாம் இனிமைதான். முன்னோக்கி நகரும்போதுதான் இந்த வடிவமைப்பின் உண்மையான குணம் தெரியும். ஒவ்வொரு விசிறியும் வினாடிக்கு 32 கிலோ காற்றை விழுங்குகிறது. விமானம் வினாடிக்கு 20 மீட்டரில் போனால், அந்தக் காற்றை முதலில் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டாக வேண்டும். அதற்கான இழுவை விசிறிக்கு 640 நியூட்டன், நான்குக்கும் 2,560. விமான எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல்! இதோடு மூக்கு மேலே தூக்கும்: முன்பக்க வளைவில் உறிஞ்சல் கூடுகிறது, பின்பக்கத்தில் குறைகிறது, கீழே பாயும் காற்றுத் தாரைக்குப் பின்னால் இறக்கையின் அடிப்பக்கம் கீழே உறிஞ்சப்படுகிறது. வேகம் இன்னும் கூடினால் முன்வளைவிலேயே காற்று பிரிந்து, பிளேடின் ஒரு பாதிக்கு நல்ல காற்றும் மறுபாதிக்குக் கலங்கிய காற்றும் போகும். மோட்டார் தாங்கிகளில் (பேரிங்) அதிர்வு ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். தாங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. இழுவையைச் சமாளிக்கக் கீழ்ப்பக்க லூவர்கள்: தாரையை 30 டிகிரி பின்னே திருப்பினால் 735 நியூட்டன் முன்தள்ளல் கிடைக்கும், தூக்குவிசையில் 87 சதவீதம் மிஞ்சும். மூக்கு தூக்குவதற்கு லூவர் போதாது. 1964-இல் பறந்த அமெரிக்கச் சோதனை விமானம் ரயன் எக்ஸ்வி-5ஏ, இறக்கை விசிறிகள் இரண்டும் 1.59 மீட்டர் விட்டம், மூக்கில் தனியாக ஒரு சிறு விசிறி வைத்தே இதைச் சமாளித்தது. அது மின்சாரத்தில் அல்ல, ஜெட் புகையில் சுழன்றது; காற்றியல் அதேதான்.

சாதாரணப் பறப்புக்கு மாறியதும் துளையை மூட வேண்டும். கதவு பாதி திறந்த நிலையில் எதிர்காற்றில் நின்றால் அது தூக்குவிசையைக் கெடுக்கும் தட்டு. ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மூடாவிட்டால் விமானம் உருளும். எனவே இடது வலது கதவுகளை இயந்திர இணைப்பிலேயே கட்டுங்கள், மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். திறந்த முனையிலும் மூடிய முனையிலும் தனித்தனி சென்சார். முழுதாகத் திறந்தது உறுதியாகும்வரை விசிறிக்கு மின்சாரம் போகக்கூடாது. கதவே வேண்டாம் என்றால் 2013-இல் அகஸ்டாவெஸ்ட்லேண்ட் என்ற ஹெலிகாப்டர் நிறுவனம் காட்டிய ப்ராஜெக்ட் ஸீரோ என்ற மின் சோதனை விமானம் போல, இறக்கைக்குள் இருக்கும் சுழலிகளையே முன்னோக்கிச் சாய்க்கலாம். அப்போது சாய்வு அச்சும் அதன் தாங்கிகளும் உங்கள் தலைவலி.

நான்கு விசிறி என்று இதுவரை சொன்னது கணக்குக்காக. ஒன்று நின்றால் சமநிலைக்காக எதிர்மூலையில் இருப்பதையும் நிறுத்த வேண்டிவரும். மீதி இரண்டும் இரட்டிப்புச் சுமை தூக்க 2.8 மடங்கு திறன் கேட்கும். எந்த மோட்டாரும் அதற்குத் தயாராக இருக்காது. எட்டு என்றால் 1.54 மடங்கு, இதைச் சில பத்து வினாடிகளுக்குச் சமாளிக்கலாம். ஆள் ஏறும் விமானத்துக்கு எட்டுக்குக் கீழே யோசிக்கவே கூடாது என்பது என் கருத்து.

சோதனை மேடையில் வெறும் குழலை மட்டும் வைத்து அளக்காதீர்கள். சுற்றியுள்ள இறக்கைத் தோலும் வேண்டும், உறிஞ்சல் அதன்மேலும் பரவுகிறது. வெளிவாயிலிருந்து தரை குறைந்தது மூன்று விட்டம் தள்ளி இருக்கட்டும். வளைவைச் சுற்றிலும் நூல்துண்டுகளை ஒட்டி, மேடையை வண்டியில் ஏற்றி ஓட்டி, முன்பக்க நூல்கள் எந்த வேகத்தில் படபடத்துத் திரும்புகின்றன என்று காமிராவில் பிடியுங்கள். இறக்கை தனியே எடையைத் தூக்கும் வேகம் அதற்குக் கீழே வந்தாக வேண்டும். வராவிட்டால் பிளேடை மாற்றிப் பலனில்லை, வளைவின் ஆரத்தைக் கூட்டுங்கள்.