ஒரு எழுத்துக்காக இரண்டு மாதம்

ஊரில் ஒரு பெரியவரிடம் 62 சென்ட் வாங்கினேன். சர்வே எண் முழுதும் எனக்கே என்பதால் அளந்து உட்பிரிவு செய்யும் வேலை இல்லை. இப்படிப்பட்ட நிலத்தை பட்டாதாரரே விற்றால், பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறிவிடும். பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018-இல் வந்தது. அது வருவாய்த்துறையின் பட்டா விவரங்கள் இருக்கும் ‘தமிழ்நிலம்’ மென்பொருளோடு பேசிக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு அலையாமலே பட்டா கிடைத்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

எனக்கு வரவில்லை. இணையத்தில் விண்ணப்ப நிலையைப் பார்த்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் நிலுவை என்று காட்டியது.

நேரில் போனேன். கணினியைத் திருப்பிக் காட்டினார். பெரியவரின் ஆதாரில் பெயர் ‘ஷ’வில் தொடங்குகிறது. பத்திரமும் அதைப் பார்த்தே எழுதப்பட்டது. பட்டாவிலோ ‘ச’. ஊரே அவரை அறியும். ஆனால் இரண்டு கணினிகளுக்கும் அவர் இரண்டு ஆட்கள்! விற்றவரும் பட்டாதாரரும் ஒருவரே என்று தெரியாதபோது அது மாற்றாமல் நின்றது சரிதான். இல்லையென்றால் யார் நிலத்தை யாரும் விற்றுவிடலாம். எனக்கு வருத்தமெல்லாம், பதிவுக்கு முன்பே இதைச் சொல்ல ஒருவரும் இல்லையே என்பதுதான்.

அப்புறம் நடந்தது பழைய முறை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பெரியவரின் உறுதிமொழி. கால் வலியோடு என்னுடன் இரண்டு முறை பஸ் ஏறி வந்தார். ஒரு முறை அலுவலர் வேறு ஊர் போயிருந்தார், வெறுங்கையோடு திரும்பினோம். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது.

நிலம் வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் இ-சேவை தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து பட்டாவை எடுங்கள். விற்பவரின் ஆதாரைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் அப்பா பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அவரையே முதலில் திருத்தச் சொல்லுங்கள்.

பட்டாவைக் காட்டப் போனபோது பெரியவர், “தம்பி, மிச்சம் இருக்கிற என் காட்டையும் பாருப்பா” என்றார். பார்த்தேன். அதிலும் ‘ச’. மறுநாளே இருவரும் போய்ப் பெயர் திருத்தத்துக்கு மனு கொடுத்துவிட்டு வந்தோம்.