ஆவோஸ்தாவில் எந்த மொழி பேசுகிறார்கள்?

இத்தாலியின் மலைப்பகுதி மொழிகள் என்றதும் தெற்கு திரோலையும் அதன் ஜெர்மனையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நெருக்கமானது ஆவோஸ்தா பள்ளத்தாக்கு. தூரினில் வசிப்பதால் அடிக்கடி போய் வர முடிகிறது. நாட்டின் 20 மாநிலங்களில் இதுதான் மிகச் சிறியது. பரப்பளவு சுமார் 3,260 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தைத் தொடாது. ஆனால் மோன் பிளாங், மாட்டர்ஹார்ன், மோன்தே ரோசா மூன்றும் இதன் எல்லையில்தான் நிற்கின்றன.

1948-இல் வந்த தன்னாட்சிச் சட்டப்படி இங்கே இத்தாலியமும் பிரெஞ்சும் சமம். பள்ளியில் இரண்டுக்கும் ஒரே அளவு பாட நேரம். அரசு வேலைக்குப் பிரெஞ்சு தெரிந்தாக வேண்டும். 1500-களிலேயே லத்தீனை விட்டுப் பிரெஞ்சை அலுவல் மொழியாக்கிய மண் இது.

சரி, மக்கள் பேசுவது? ஜனவரி 30, 31 தேதிகளில் ஆவோஸ்தா நகரில் சான்த்-உர்ஸ் சந்தை கூடும். தெரு நெடுக மரவேலைகள். ஆயாஸ் பகுதி மரக்காலணிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு பெரியவர், பக்கத்துக் கடைக்காரரோடு வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு தெரிந்தும் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என்னிடம் விலை சொன்னது சுத்தமான இத்தாலியத்தில். தலைக்கு மேலே தொங்கிய பலகையில் மட்டும் பிரெஞ்சு.

அவர் பேசியது பத்துவா. பிரெஞ்சுக்கு உறவான, ஆனால் தனி மொழியான பிராங்கோ-ப்ரொவென்சாலின் உள்ளூர் வழக்கு, ஊருக்கு ஊர் மாறும். சின்ன வயதில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்து, பிறகு பாதிரியாரான செர்லோன் 1855-இல் இதில் கவிதை எழுதினார். அவர் பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் பத்துவா விழா நடக்கிறது. அப்படிப்பட்ட மொழியை 1948 சட்டம் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை. சிறுபான்மை மொழிகளுக்கான தேசியச் சட்டத்தில் இடம் கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் புரிகிறது. முசோலினி ஆட்சி குறிவைத்தது பிரெஞ்சைத்தான். ஊர்ப் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை: கூர்மயோர் 'கோர்மயோரே' ஆனது, லா துயில் 'போர்த்தா லித்தோரியா' ஆனது. தன்னாட்சி கேட்டுப் போராடிய எமில் ஷனூ 1944 மே மாதம் கைதாகி, காவலிலேயே இறந்தார். போர் முடிந்து உரிமையை எழுதி வாங்க உட்கார்ந்தவர்களுக்கு முதலில் மீட்க வேண்டியிருந்தது பிரெஞ்சு. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. கிரெசோனே, இசிம் பக்கம் வால்சர் மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மலை தாண்டி வந்து குடியேறியவர்கள், பேசுவது ஜெர்மானிய வழக்கு. மூன்றே ஊர்கள்தான். அவர்களுக்காக 1993-இல் அதே தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்தி, பள்ளியில் ஜெர்மன் கற்கும் உரிமையைச் சேர்த்தார்கள். நல்ல காரியம். பத்துவாவுக்கும் அப்படி ஒரு பிரிவைச் சேர்க்கத் தடையென்ன? பேசுகிற பெரியவர்கள் இருக்கும்போதே சேர்க்க வேண்டும்.