ஏழில் ஐந்து முடிந்தது: எஃப்ஆர்பி வைத்து ஜியூஐ செய்து பார்த்த அனுபவம்

வீட்டில் யாருக்காவது ஜுரம் என்றால் நாங்கள் ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவோம். நூற்றியொன்று என்றால் மாத்திரை, நூற்றிரண்டைத் தாண்டினால் டாக்டர். போன வருடம் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் செல்சியஸில் மட்டும் காட்டியது. அதற்காக ஒரு மாலை உட்கார்ந்து, பைத்தானில் டிகேஇன்டர் என்ற திரை செய்யும் நூலகத்தை வைத்து ஒரு சின்ன ஜன்னல் செய்தேன். இரண்டு பெட்டிகள், ஒன்றில் செல்சியஸ், மற்றதில் ஃபாரன்ஹீட். எதில் தட்டினாலும் இன்னொன்று மாற வேண்டும். முழு எண் போதும் என்று ரவுண்ட் செய்திருந்தேன்.

அம்மா ஃபாரன்ஹீட் பெட்டியில் 101 என்று தட்டினார். கடைசி 1 விழுந்ததும் அவர் தட்டிய பெட்டியே 100 என்று மாறிக்கொண்டது. "நான் நூற்றியொன்றுதானே போட்டேன்?" என்றார்.

நடந்தது இதுதான். 101 ஃபாரன்ஹீட் என்பது 38.33 செல்சியஸ். ரவுண்ட் செய்தால் 38. செல்சியஸ் பெட்டியில் 38 விழுந்ததும், "செல்சியஸ் மாறினால் ஃபாரன்ஹீட்டை மாற்று" என்ற கால்பேக், அதாவது ஏதாவது நடந்தால் தானாக ஓடும்படி எழுதி வைத்த நிரல் துண்டு, கிளம்புகிறது. 38 என்பது 100.4, ரவுண்ட் செய்தால் 100. அது திரும்பி வந்து அம்மா தட்டியதை அழித்துவிட்டது. பெட்டியை மாற்றியது மனிதரா நிரலா என்பது அந்தக் கால்பேக்குக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு கொடி வைத்துச் சமாளித்தேன்: "இப்போது நானே மாற்றுகிறேன், கண்டுகொள்ளாதே" என்று ஒரு மாறி. வேலை செய்தது. ஆனால் அடுத்த திரையில் இன்னொரு கொடி, அதற்கடுத்ததில் இரண்டு என்று போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் அப்படிப்பட்ட கொடிகளோடுதான் பகல் முழுவதும் போகிறது.

அதனால்தான் ஃபங்ஷனல் ரியாக்டிவ் ப்ரோகிராமிங்கை, சுருக்கமாக எஃப்ஆர்பியை, ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பயிற்சிக்கு 7ஜியூஐஸ் என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டேன். ஆய்கன் கிஸ் என்பவர் ஜியூஐ, அதாவது பட்டனும் பெட்டியும் உள்ள திரை, எழுதும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க உருவாக்கிய ஏழு சின்னப் பணிகள் அவை: கவுன்டர், வெப்பநிலை மாற்றி, விமான முன்பதிவு, டைமர், பெயர்ப் பட்டியல், வட்டம் வரைவது, கடைசியில் ஒரு குட்டி ஸ்ப்ரெட்ஷீட். இரண்டாவது பணியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, எங்கள் வீட்டு ஜுரக் கணக்கேதான்.

மொழி ஹாஸ்கெல், நூலகம் த்ரீபென்னி. ஹைன்ரிஷ் அப்ஃபெல்மூஸ் எழுதியது. இது ப்ரவுசரையே திரையாகப் பயன்படுத்துகிறது. நிரலை ஓட்டிவிட்டு 8023 என்ற போர்ட்டைத் திறந்தால் பட்டன்கள் வந்து நிற்கும். வேறெதையும் நிறுவிக் கஷ்டப்பட வேண்டாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

எஃப்ஆர்பியின் அடிப்படை இரண்டே சொற்கள். கோனல் எலியட்டும் பால் ஹுடாக்கும் 1997-இல் ஃப்ரான் என்ற அனிமேஷன் அமைப்பைப் பற்றி எழுதியதிலிருந்தே அவை இருக்கின்றன. ஒன்று ஈவென்ட், மற்றது பிஹேவியர். காலிங் பெல் அடிப்பது ஈவென்ட்: அந்தந்த நொடியில் நடந்து முடிந்துவிடும், நடுவில் ஒன்றும் இல்லை. சுவர்க்கடிகாரம் காட்டும் மணி பிஹேவியர்: எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு மதிப்பு இருக்கும். விசை தட்டுவது ஈவென்ட், பெட்டியில் இருக்கும் எழுத்து பிஹேவியர். ஈவென்டிலிருந்து பிஹேவியர் செய்ய ஸ்டெப்பர் என்று ஒன்று உண்டு, கடைசியாக வந்ததைப் பிடித்து வைத்திருக்கும். கவுன்டருக்கு இவ்வளவு போதும், பத்து நிமிடத்தில் முடிந்தது.

வெப்பநிலையில் என் பழைய பழக்கம் குறுக்கே வந்தது. "செல்சியஸ் மாறினால்..." என்றே தொடங்கினேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, மூன்றாவது நாள்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். செல்சியஸ் பெட்டி என்றால் என்ன? மனிதர் கடைசியாக எந்தப் பெட்டியில் என்ன தட்டினாரோ, அதிலிருந்து கணக்கிட்ட மதிப்பு. ஃபாரன்ஹீட் பெட்டியும் அதே. ஆக உண்மையில் இருப்பது ஒரே ஒரு விஷயம், "கடைசியாகத் தட்டியது". இரண்டு பெட்டிகளின் ஈவென்ட்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஸ்டெப்பரில் பிடித்து, அதிலிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் மதிப்பைப் பாய்ச்சினேன். ஒரு பெட்டி மற்றதை மாற்றும் பேச்சே இல்லாமல் போயிற்று. 101 அப்படியே நின்றது.

இதற்கு நூலகமும் துணை நிற்கிறது. த்ரீபென்னியின் எழுத்துப் பெட்டி, மனிதர் செய்த மாற்றத்தை மட்டுமே ஈவென்டாகத் தரும், நிரல் செய்ததைத் தராது. மூல நிரலைத் திறந்து பார்த்தேன். கர்சர் பெட்டிக்குள் இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் மதிப்பை அதில் எழுதுவதும் இல்லை. உள்ளே நுழைந்ததற்கு ஒரு ஈவென்ட், வெளியேறியதற்கு ஒரு ஈவென்ட், இரண்டையும் சேர்த்து "தட்டிக்கொண்டிருக்கிறாரா" என்று ஒரு பிஹேவியர். நான் பைத்தானில் வைத்த கொடியை அப்ஃபெல்மூஸ் ஒரே இடத்தில், எல்லோருக்குமாக, முறையாக வைத்திருக்கிறார். படித்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன்.

அரைகுறையாகத் தட்டும்போது என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. மைனஸ் 40 போடலாம் என்று மைனஸ் குறியைத் தட்டினால், அது இன்னும் எண் அல்ல. எழுத்தை எண்ணாகப் படிக்கும் ஹாஸ்கெலின் ரீட்மேபி "37." என்பதையும் எண்ணாக ஏற்காது, ".5" என்பதையும் ஏற்காது. எண்ணாகப் படிக்க முடியாதவற்றை ஈவென்ட் நிலையிலேயே வடிகட்டிவிட்டேன், மற்றப் பெட்டி அதுவரை பழைய மதிப்பிலேயே நிற்கும். 40-ஐ முடித்ததும் இரண்டு பெட்டியிலும் மைனஸ் 40. இரண்டு அளவுகளும் ஒன்றாகச் சேரும் இடம் அது ஒன்றுதான்.

விமான முன்பதிவு எளிது. ஒருவழியா, திரும்பி வருவதுமா என்று ஒரு தேர்வு, இரண்டு தேதிகள், ஒரு பட்டன். தேதி தப்பாக இருந்தால் பெட்டி சிவப்பாக வேண்டும். பட்டன் எப்போது உயிரோடு இருக்கும் என்பதை ஒரே கோவையாக எழுதியபோது ஒரு கேள்வி தானாக எழுந்தது: திரும்பும் தேதியில் 31.02 என்று தட்டிவிட்டு, பிறகு ஒருவழிக்கு மாறினால்? அந்தப் பெட்டி மங்கியிருக்கும், ஆனால் உள்ளே தப்பான தேதி இருக்கிறதே. கால்பேக்கில் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. சிவப்பு இருக்கட்டும், பட்டன் முதல் தேதியை மட்டும் பார்க்கட்டும் என்று வைத்தேன்.

அப்புறம் டைமர். இரண்டு வாரம் இதிலேயே போயிற்று, அதற்கு வருத்தமே இல்லை.

கழிந்த நேரத்தைக் காட்டும் பட்டை, மொத்த நேரத்தை மாற்றும் ஸ்லைடர், மறுபடி பூஜ்யமாக்க ஒரு பட்டன். மொத்த நேரம் முடிந்தால் டைமர் நிற்க வேண்டும். நின்றபின் ஸ்லைடரைக் கூட்டினால் மறுபடி ஓட வேண்டும். சீரான இடைவெளியில் டிக் என்ற ஈவென்ட் வரும், ஒவ்வொரு டிக்குக்கும் கழிந்த நேரம் கூடும், ஆனால் கழிந்த நேரம் மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டும். கழிந்த நேரத்தை வரையறுக்கக் கழிந்த நேரமே வேண்டும். கம்பைலர் சரியாகவே மறுத்தது: இன்னும் வராத பெயரை மேலேயே பயன்படுத்துகிறாய் என்றது. டிக்கை வடிகட்டுவது, கழிந்த நேரம் இரண்டையும் ரெக் என்ற கட்டுக்குள் வைத்தால் ஹாஸ்கெல் சுழல் வரையறையை அனுமதிக்கும். வைத்தேன், ஓடியது. ஏன் ஓடியது என்பதுதான் புரியவில்லை. கோழிக்கு முட்டை வேண்டும், முட்டைக்குக் கோழி வேண்டும், எங்கே தொடங்கியது?

ஆவணத்தில் ஒரு சின்னக் குறிப்பில் விடை இருந்தது. ஈவென்ட் நடக்கும் அந்தக் கணத்தில் பிஹேவியரைக் கேட்டால் பழைய மதிப்புதான் வரும். புதிய மதிப்பு அதற்குச் சற்றே பின்புதான் அமலுக்கு வரும். அதாவது இந்த டிக்கை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது இதற்கு முந்தைய டிக் வரையிலான நேரம். சுழல் போலத் தெரிவது உண்மையில் காலத்தில் ஒரு படி இறங்கிக்கொண்டே போகும் மாடிப்படி. இது புரிந்த இரவு தூக்கம் வரவில்லை. காகிதத்தில் டிக்குகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்று எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஸ்லைடரைக் கூட்டினால் மறுபடி ஓட வேண்டும்" என்ற விதிக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஓடுவதற்கான நிபந்தனை "கழிந்தது மொத்தத்தைவிடக் குறைவு" என்பதுதான். ஸ்லைடர் கூடினால் அது மறுபடி உண்மையாகிறது, டிக்குகள் மறுபடி உள்ளே வருகின்றன, அவ்வளவுதான். எஃப்ஆர்பியில் என்னைப் பிடித்து இழுப்பது இதுதான். ஒரு பொருள் வாழ்நாள் முழுக்க என்னவாக இருக்கும் என்பதை ஒரே இடத்தில் சொல்லிவிட்டால், நாம் நினைத்துப் பார்க்காத சந்தர்ப்பங்களுக்கும் அந்தச் சொல் பொருந்தி நிற்கிறது.

ஆனால் நேரம் சரியாக இல்லை. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் மூன்று நொடி பின்தங்கியது. நூறு மில்லிநொடிக்கு ஒரு டிக் என்று கேட்டிருந்தேன். நூறு மில்லிநொடி தூங்கு என்றால் குறைந்தது அவ்வளவு தூங்கும் என்பதே உத்தரவாதம், எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். டிக்கை எண்ணி நேரம் சொல்வது தப்பு. சரி, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு டிக்கிலும் கணினிக் கடிகாரத்தைக் கழித்துப் பார்ப்போம் என்று மாற்றினேன். அதில் வேறு தொல்லை: முடிந்து நின்ற டைமரில் அரை நிமிடம் கழித்து ஸ்லைடரைக் கூட்டினால், நின்றிருந்த அரை நிமிடமும் ஒரே தாவலில் சேர்ந்துவிட்டது. கடைசியில், போன டிக்குக்கும் இந்த டிக்குக்கும் இடைப்பட்ட நேரத்தையே ஈவென்டின் மதிப்பாக வைத்தேன். நின்றிருக்கும்போதும் டிக்குகள் வரும், வடிகட்டப்பட்டுப் போகும், அவற்றின் நேரமும் அவற்றோடு போய்விடும். இப்போது சரியாக ஓடுகிறது.

ஐந்தாவது, பெயர்ப் பட்டியல். சேர்க்க, திருத்த, நீக்க மூன்று பட்டன்கள், மேலே முதலெழுத்துகளை வைத்து வடிகட்டும் பெட்டி. முதலில் தேர்வை வரிசை எண்ணாக வைத்திருந்தேன். வடிகட்டியதும் மூன்றாவது ஆள் வேறு ஆளாகிவிட்டார், நீக்கியபோது தப்பான பெயர் போயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் மாறாத ஒரு சாவி கொடுத்து, தேர்வை அந்தச் சாவியாக வைத்தேன். அந்தச் சாவி வடிகட்டிய பட்டியலில் இருந்தால்தான் தேர்வு செல்லும். திருத்து, நீக்கு பட்டன்கள் அதையே பார்த்து மங்கும். வடிகட்டியை அழித்தால் பழைய தேர்வு தானாகத் திரும்பி வருகிறது. இதற்கும் தனி வரி கிடையாது.

இதில் நம் எழுத்து சார்ந்த ஒரு சிக்கலும் கண்ணில் பட்டது. "க" என்று தட்டினால் கமலா, காவேரி, கிருஷ்ணன் எல்லோரும் வருகிறார்கள், ஏனென்றால் யூனிகோடில் கால், கொம்பு எல்லாம் மெய்க்குப் பின்னால்தான் வரும். நல்லதுதான். ஆனால் "கெ" என்று தட்டியபோது ஒரு கொற்றவை வந்து நின்றாள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். அந்தப் பெயரை வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தேன், அதில் இரண்டாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டதும் சரியானது. தமிழில் தேடுபெட்டி செய்பவர்கள் இதை முதல் நாளே கவனிப்பது நல்லது.

வட்டம் வரையும் ஆறாவது பணி பாதியில் நிற்கிறது. வரைவதும் அன்டூ, ரீடூவும் வேலை செய்கின்றன. விட்டத்தை மாற்றும் குட்டி ஜன்னலை மூடும்போது மட்டும் அன்டூவில் ஒரு படியாகச் சேர வேண்டும், அது இன்னும் வரவில்லை.

நடுவில் ஒரு சஞ்சலமும் வந்தது. எல்ம் மொழி 2012-இல் எஃப்ஆர்பியை நம்பித்தான் பிறந்தது. அதில் எஃப்ஆர்பிக்கு அடிப்படையாக இருந்தவை சிக்னல்கள். 2016-இல் 0.17 பதிப்பில் அந்தச் சிக்னல்களையே எடுத்துவிட்டார்கள், புதிதாகக் கற்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று. அவர்கள் காரணம் எனக்குப் புரிகிறது. வெப்பநிலைப் பணியில் என் முதல் மூன்று நாளும் திணறலில்தான் போயிற்று. ஆனால் டைமரை முடித்த பிறகு எனக்கு விட மனம் வரவில்லை.

இப்போது ஏழாவதைத் தொட்டிருக்கிறேன். 26 நெடுவரிசை, 100 வரிசை, 2600 கட்டங்கள். ஒரு கட்டத்தின் சூத்திரம் மாறினால், அது எந்தக் கட்டங்களை நம்பியிருக்கிறது என்பதே மாறும். இதுவரை செய்ததில் இணைப்புகள் நிலையானவை, இங்கே ஓடும்போதே இணைப்பு மாற வேண்டும். அப்ஃபெல்மூஸின் இன்னொரு எஃப்ஆர்பி நூலகமான ரியாக்டிவ்-பனானாவில் ஸ்விட்ச்-பி என்று ஒன்று இருக்கிறது: ஒரு பிஹேவியருக்குப் பதில் வேறு பிஹேவியரை நடுவில் மாட்டும். அதில் இன்டர்ப்ரெட் என்ற வசதியும் உண்டு. ஈவென்ட்களைச் சாதாரணப் பட்டியலாகக் கொடுத்தால் விடையும் பட்டியலாக வரும், திரையே வேண்டாம். அதை வைத்து ஏ0, பி0, சி0 என்ற மூன்று கட்டங்களை மட்டும் சோதித்தேன். ஏ0 என்பது பி0 கூட்டல் 1 என்று கொடுத்து பி0-ஐ 5 ஆக்கினால் ஏ0 6 ஆகிறது. ஏ0-ஐ சி0 பக்கம் திருப்பினால், அதன்பின் பி0-ஐ எவ்வளவு மாற்றினாலும் ஏ0 அசையவில்லை.

நேற்றிரவு ஏ0-ஐப் பழையபடி பி0 பக்கம் திருப்பிவிட்டு, பி0-வில் "ஏ0" என்று எழுதினேன். ஏ0 பி0-வைக் கேட்கிறது, பி0 ஏ0-வைக் கேட்கிறது, நடுவில் பழைய மதிப்பு என்று ஒரு படி இங்கே இல்லை. விடை வரவேயில்லை, நிரலை நிறுத்த வேண்டியதாயிற்று. சூத்திரத்தை மாட்டுவதற்கு முன்பே அது திரும்பத் தன்னிடமே வருகிறதா என்று தேடிப் பார்த்து, வந்தால் கட்டத்தில் பிழை என்று காட்ட வேண்டும். இந்த வாரம் அதுதான் வேலை.