கன்னியாவுக்குக் கீழேயும் நெருப்பு இருக்கிறதா?

புரோமோ எரிமலையில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். புகை வரும் வாயைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, அப்ப எங்கட கன்னியாவுக்குக் கீழயும் இப்பிடி நெருப்பு இருக்கோ?" கன்னியா என்பது எங்கள் திருகோணமலையிலுள்ள வெந்நீர்க் கிணறுகள்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் தெங்கர் மலைப்பகுதியில் இருக்கிறது. உயரம் 2,329 மீட்டர், இலங்கையின் மிக உயரமான மலையான நம் பிதுருதலாகலையைவிடக் கொஞ்சம் குறைவு. மலையைச் சுற்றியுள்ள பெரிய பள்ளத்தின் விளிம்பிலுள்ள செமோரோ லவாங் கிராமத்தில் தங்கினேன். சரிவெல்லாம் வெங்காயம், உருளைக்கிழங்கு, கோவா (முட்டைக்கோஸ்). திருகோணமலை வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த விடியற்காலைக் குளிரில் விரல்கள் மடங்கவில்லை.

பலர் ஜீப்பில் பெனஞ்சாக்கான் முனைக்குப் போய்ச் சூரிய உதயம் பார்க்கிறார்கள். நான் நடந்தே இறங்கினேன். கீழே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலத்துக்கு மணற்கடல். பழைய பெரிய எரிமலை ஒன்று உள்ளே இடிந்து விழுந்த பள்ளம் அது. நிலாவெளி மணல்போல் கால் புதைவதில்லை, ஆனால் காற்று எழும்பினால் சாம்பல் பல்லுக்குள் நறநறக்கும். போகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி கொண்டுபோங்கள்.

மணலைக் கடந்தால் தெங்கர் மக்களின் கோயில். அவர்களும் இந்துக்கள். அதற்கப்பால் சுமார் 250 படிகள். மேலே ஒடுங்கிய விளிம்பு, தொண்டையை அடைக்கும் கந்தக நெடி. அங்கே ஒரு பிள்ளையார் இருக்கிறார்! சாம்பல் பூசிய உடம்பு, காலடியில் வாடிய பூக்கள். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து அவரைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. உள்ளிருந்து வரும் இரைச்சல், மார்கழியில் திருகோணமலையின் இராவணன் வெட்டுப் பாறையில் நின்று கேட்கும் கடல்போலவே இருந்தது.

பிள்ளையில்லாத ஒரு தம்பதி இந்த மலையிடம் வரம் கேட்டார்கள் என்பது அவர்களின் பழங்கதை. அந்த நேர்த்தியை நினைத்துத்தான் கசடா விழாவில் நெல்லும் காய்கறியும் கோழியும் மலைவாய்க்குள் போடுகிறார்கள். கோணேசர் கோயிலில் தொட்டில் கட்டும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அம்மாவின் கேள்வி. இல்லை, கன்னியாவுக்குக் கீழே எரிமலை கிடையாது. ஜாவாவுக்கு அடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் இறங்குவதால் பாறை உருகி மேலே வருகிறது. இலங்கை அப்படியான எல்லையில் இல்லை, நம்முடையது மிகப் பழைய பாறை. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூடப் பூமியின் சூடும் கூடும். சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பால் மேலே வந்து ஏழு கிணறுகளிலும் நிற்கிறது.

அம்மம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்கு அங்கேதான் போனோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அது எங்கட மழைத் தண்ணிதானோ?"

"ஓம் அம்மா."

"ஞாயிற்றுக்கிழமை போவம். வாளியை எடுத்து வை."