ஃப்ரீபிஎஸ்டியில் விண்டோஸ்: வைஃபை மட்டும் இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

ஒருவழியாக விண்டோஸ் ஓடிவிட்டது. என் மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் மட்டும்தான். விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஒரு மென்பொருளுக்காக விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி) தேவைப்பட்டது. வார இறுதி முழுவதும் அதிலேயே போய்விட்டது.

முதலில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ். பேக்கேஜ் ஒழுங்காக இறங்கியது. ஆனால் அதன் கர்னல் மாட்யூலை (சிஸ்டத்தின் மையமான கர்னலோடு சேரும் துண்டு நிரல்) ஏற்றப் போனால், பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. பேக்கேஜ்களை, ஆதரவில் இருப்பவற்றிலேயே பழைய வெளியீட்டை வைத்துத்தான் கட்டுகிறார்கள். சிஸ்டத்தை அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றிய கையோடு போனால் கர்னல் மாட்யூல்கள் இப்படி முரண்டு பிடிக்கலாம். சாதாரண நிரல்களுக்குப் பிரச்சினை இல்லை. மென்பொருள்களை நாமே கட்டிக்கொள்ள உதவும் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து மாட்யூலை நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மூலநிரல், அதே பதிப்பில், கணினியில் இருக்க வேண்டும். நான் பார்த்த வழிகாட்டிகள் எதிலும் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இந்த வேலையைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த விர்ச்சுவல் மெஷின் நிரலான பீஹைவ். 2014இல் வந்த 10.0 பதிப்பிலிருந்தே சிஸ்டத்தோடு சேர்ந்து வருகிறது. அதனால் மாட்யூல் தொல்லை இல்லை. இன்டெல் ப்ராசஸர் என்றால் பூட் செய்திகளில் விடி-எக்ஸ் (VT-x, விர்ச்சுவல் மெஷினுக்கான ப்ராசஸர் வசதி) வரியைத் தேடி, அதில் ஈபிடி (EPT), யூஜி (UG) இரண்டும் இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். பீஹைவை எளிதாக நிர்வகிக்கும் விஎம்-பீஹைவ் கருவியையும், மெஷினை பூட் செய்யும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேரையும் போட்டதும் விண்டோஸ் நிறுவல் தடையில்லாமல் முடிந்தது. மெஷினின் திரையை நெட்வொர்க் வழியாகக் காட்டும் விஎன்சியில் மவுஸ் ஓரிடத்திலும் க்ளிக் வேறிடத்திலும் விழுந்தால், செட்டிங் கோப்பில் எக்ஸ்ஹெச்சிஐ மவுஸை இயக்குங்கள், சரியாகிவிடும். மெஷினின் நெட்வொர்க் கார்டுக்கு முதலில் இ1000 வகையைக் கொடுங்கள். இன்னொரு வகையான விர்டியோவுக்கு விண்டோஸில் தனி டிரைவர் வேண்டும்.

உண்மையில் என்னைப் படுத்தி எடுத்தது இணைய இணைப்புதான். மெஷினை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச் ஒன்றை உருவாக்கு, அதில் உன் கார்டைச் சேர், முடிந்தது என்கின்றன வழிகாட்டிகள். அப்படியே வைஃபை கார்டைச் சேர்த்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. விண்டோஸுக்குள் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது ஐபி கிடைக்கவே இல்லை. நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன்: உள்ளேயிருந்து ஐபி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கை திரும்பத் திரும்பப் போகிறது, ஒரு பதிலும் வரவில்லை. கிளையன்டாக இணைந்திருக்கும் வைஃபை கார்டு தன் சொந்த மேக் முகவரியில் (கார்டின் அடையாள எண்) மட்டுமே பேச முடியும். அதன் பின்னால் இன்னொரு மேக் முகவரியை பிரிட்ஜ் செய்ய (நேரடியாக இணைத்துவிட) வழியில்லை. வழிகாட்டிகள் எல்லாமே கேபிள் இணைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்!

தீர்வு நாட் (NAT), அதாவது மெஷினின் போக்குவரத்தைக் கணினியின் முகவரியிலேயே வெளியே அனுப்புவது. ஸ்விட்சிலிருந்து வைஃபை கார்டை எடுத்துவிட்டு, ஸ்விட்சுக்கே தனி முகவரி கொடுத்தேன். ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது) இயக்கி, ஃபயர்வாலான பிஎஃப்பின் கோப்பில் ஒரு நாட் வரி சேர்த்தேன். அந்த வரி ஃபில்டர் விதிகளுக்கு மேலே இருக்க வேண்டும். அந்த நாட் வரியின் இலக்கில் வைஃபை கார்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். வைஃபை மாறி முகவரி மாறினாலும் விதி தானாகப் பின்தொடரும். விண்டோஸுக்குள் நிலையான ஐபியும் டிஎன்எஸ் முகவரியும் கொடுத்தேன். உடனே அப்டேட்கள் இறங்கத் தொடங்கின. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

பொது வைஃபையில் உட்காருவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். விஎம்-பீஹைவின் விஎன்சி, நாம் எதையும் மாற்றாவிட்டால், கணினியின் எல்லா முகவரிகளிலும் கடவுச்சொல் இல்லாமல் திறந்திருக்கும். விஎன்சி இணைப்புக்குக் காத்திருக்கும் முகவரியை 127.0.0.1 (இந்தக் கணினிக்குள் மட்டும்) என்று மாற்றி, விர்ச்சுவல் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.