செம்பருந்து பறக்கும்போது படம் எடுக்க

மீன்பிடித் துறைமுகத்துல செம்பருந்தைப் படம் எடுக்கப் போறவங்க முதல்ல பார்க்க வேண்டியது காற்றை. தண்ணியில மிதக்குற மீன் கழிவை அள்ள இறங்கும்போது அது பெரும்பாலும் காற்றை எதிர்த்தே வரும். காற்றும் காலை வெயிலும் உங்க முதுகுப் பக்கம் இருந்தா, நேரா உங்களைப் பார்த்து, வேகம் குறைஞ்சு வரும்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடி, பாய்ந்து அள்ளும்போது 1/3200. ஃபோகஸ், நகரும் பறவையை விடாம பின்தொடர்ற தொடர் ஃபோகஸ். தூரத்துல வரும்போதே பிடிச்சுத் தொடருங்க, பக்கத்துல வந்தபிறகு தேடினா ஃபோகஸ் பின்னணிக்கு ஓடிடும்.

பெரிய தலைவலி எக்ஸ்போஷர், அதாவது படத்தோட வெளிச்ச அளவுதான். வெளிர் வானம் பின்னால இருந்தா கேமராவோட ஒளி மீட்டர் ஏமாந்து பறவை கருத்துப்போகும். அதுக்குன்னு வெளிச்சத்தைக் கூட்ட +1 வெச்சா, கருத்த தண்ணிக்கு மேல இறங்கின நொடியில வெள்ளைத் தலை வெளுத்துப்போகும். அந்தத் தலையிலயும் மார்புலயும் மயிரிழை மாதிரி கருங்கோடுகள் இருக்கு, அவ்வளவு அழகு! அது போயிட்டா எடிட்டிங்ல திரும்பாது. அதனால எல்லா அளவையும் நீங்களே வெக்கிற முழு மேனுவல், ஒளியுணர்வைக் கேமராவே மாத்துற ஆட்டோ ஐஎஸ்ஓவும் வேண்டாம். வெயில்ல நிக்கிற ஒரு செம்பருந்தோட தலையில இருக்கிற வெளிச்சத்தை அளந்து வெச்சுக்கோங்க. மேகம் வந்தா மட்டும் மாத்துங்க.

பழுப்பா ஒண்ணு வந்தா உடனே கரும்பருந்துன்னு எழுதிடாதீங்க. வால் நுனி பிளவுபடாம வட்டமா இருந்தா அது இளம் செம்பருந்து.

வெயில் ஏறினதும் கானல்ல படம் குழையும், லென்ஸ் மேல பழி போடாதீங்க. மீன் வீசி மட்டும் வரவழைக்காதீங்க, ப்ளீஸ்.