மூன்று மில்லி

தம்பி மகளுக்கு 29 வாரத்திலேயே பிரசவம். பையன் 1.2 கிலோ. ரங்கூனில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம்.

மூச்சு விட்டபின் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அந்த வாரத்தில் போதுமான அளவு சுரப்பதில்லை. பன்றி நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குழாய் வழியே உள்ளே விடுகிறார்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் கணக்கு. இவனுக்கு 3 மில்லி, சரியாக ஒரு குப்பி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பில்லில் அதைவிடப் பெரிய தொகை வேறு எதற்கும் இல்லை.

அதற்கு முன் டாக்டரம்மா ஜெல் தடவி நெஞ்சில் அல்ட்ராசவுண்டு பார்த்தார். நல்ல நுரையீரல் என்றால் கருப்பில் குறுக்குக் கோடுகள் தெரியுமாம். இவனுக்குத் திரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. எக்ஸ்ரே கதிர் இல்லை, சரி. ஆனால் அதற்கும் தனிக் கட்டணம் போட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் மறுபடி பார்த்துவிட்டு, “இரண்டாவது குப்பி வேண்டியதில்லை” என்று பர்மியில் சொன்னார். அடகு வைக்கக் கழற்றியிருந்த வளையலைத் தம்பி பெண்டாட்டி அங்கேயே நின்று மாட்டிக்கொண்டாள். ஸ்கேன் கட்டணத்தைப் பற்றி நான் அப்புறம் வாய் திறக்கவில்லை.